பந்து, பஸ், வாழைத்தார்: ஈசிங் கர்வ் ஒரு முழு வழிகாட்டி

செங்கோட்டையில் உட்கார்ந்து அனிமேஷன் செய்கிறவர்களுக்கு வருகிற வேலை பெரும்பாலும் மூன்று வகைதான்: கல்யாண அழைப்பு வீடியோ, கடை விளம்பரம், யூடியூபுக்குக் குழந்தைப் பாட்டு. தென்காசியிலிருந்தும் ஆள் வருவார்கள், மலைக்கு அந்தப் பக்கம் புனலூர், கொல்லத்திலிருந்தும் வருவார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டு பக்கத்தாரும் சொல்கிற குறை ஒன்றேதான். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, என்னமோ உயிர் இல்ல."

படம் வரைந்த விதத்தால் இந்தக் குறை வருவது அபூர்வம். பொருள் எங்கே புறப்படுகிறது, எங்கே நிற்கிறது என்று கீஃப்ரேம் போட்டிருப்போம். நடுவில் எந்த வேகத்தில் போக வேண்டும் என்பதை மட்டும் சாஃப்ட்வேர் இஷ்டத்துக்கு விட்டிருப்போம். அந்த வேகத்தை நம் கைக்குள் கொண்டுவருகிற கருவிதான் ஈசிங் கர்வ்.

இலவசமாகக் கிடைப்பதால் பிளெண்டர் என்ற அனிமேஷன் சாஃப்ட்வேரை வைத்தே விளக்குகிறேன். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், வெப் அனிமேஷன் ஆகியவற்றுக்கு எங்கே மாறுமோ அங்கே சொல்கிறேன். கணக்கெல்லாம் நொடிக்கு 24 ஃபிரேமில் இருக்கும். நீங்கள் 30இல் வேலை செய்தால் ஃபிரேம் எண்ணிக்கையை நான்கில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

கர்வைப் படிப்பது

கிராஃப் எடிட்டரைத் திறந்தால் இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக மதிப்பு. மதிப்பு என்பது உயரமாக இருக்கலாம், சுழற்சியாக இருக்கலாம், எழுத்தின் அளவாகவும் இருக்கலாம். திரையில் பொருள் போகிற பாதை இது இல்லை. புதிதாக வருகிறவர்கள் பலரும் தடுக்கி விழுகிற இடம் இது. நேர்ரோட்டில் போகிற பஸ்ஸுக்கும் கர்வ் வளைந்துதான் இருக்கும்.

படிக்கிற முறை சுலபம். கோடு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு வேகம். படுத்துக் கிடந்தால் பொருள் நிற்கிறது. சாய்வு மாறாத நேர்கோடு என்றால் வேகம் மாறவில்லை. கோடு மெதுவாக வளைந்தால் ஏதோ ஒரு விசை தொடர்ந்து தள்ளுகிறது அல்லது பிடித்து இழுக்கிறது. ஓரிடத்தில் சட்டென்று முறிந்தால் அங்கே அடி விழுந்திருக்கிறது.

அதனால் கோட்டை வளைக்கிற பிடியான ஹேண்டிலைத் தொடுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை எது தள்ளுகிறது? புவியீர்ப்பா, எஞ்சினா, கயிறா, ஆளின் கையா? பதில் தெரிந்தால் கர்வின் உருவம் தானாக வரும். தெரியாமல், சாஃப்ட்வேரில் தயாராகக் கிடைக்கும் ப்ரீசெட் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் ராத்திரி பூராவும் தட்டலாம்.

இந்தக் கோடுகளுக்கு பெசியர் என்று பெயர் வந்தது கார் கம்பெனியிலிருந்து. பிரான்சில் ரெனோவில் வேலை பார்த்த பியர் பெசியரும், சிட்ரோயனில் இருந்த பால் டி காஸ்டெல்ஜோவும் கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் பிடிக்க வேண்டி, தனித்தனியாக இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு முனை, இரண்டு ஹேண்டில், மொத்தம் நான்கு புள்ளி. அவ்வளவுதான் சமாச்சாரம்.

முதல் படி: பந்தை விழவிடுங்கள்

ஈசிங் பழக இதைவிட நல்ல பாடம் கிடையாது. காற்றுக் கொஞ்சம் குறைந்த கால்பந்து ஒன்றை 5 மீட்டர் உயரத்திலிருந்து விடுகிறோம்.

5 மீட்டர் விழ ஏறக்குறைய 1 நொடி ஆகும், அதாவது 24 ஃபிரேம். பாதி நேரத்தில், 12 ஃபிரேம் கழிந்தபோது, பந்து பாதித் தூரம் வந்திருக்காது. கால்பங்குதான் வந்திருக்கும். முக்கால் நேரத்தில் 16இல் 9 பங்கு. நேரத்தைச் சம பாகங்களாக வெட்டினால் ஒவ்வொரு பாகத்திலும் கடக்கிற தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் கூடிக்கொண்டே போகும். இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

துள்ளி எழும்போது, தரையை அடித்த வேகத்தில் பாதியோடு கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் பாதியானால் ஏறுகிற நேரம் பாதி, எட்டுகிற உயரம் கால். கீஃப்ரேம்கள் இப்படி வரும்:

ஃபிரேம் 1: 5 மீட்டர்
ஃபிரேம் 25: தரை
ஃபிரேம் 37: 1.25 மீட்டர்
ஃபிரேம் 49: தரை
ஃபிரேம் 55: 0.31 மீட்டர்
ஃபிரேம் 61: தரை
ஃபிரேம் 64: 0.08 மீட்டர்
ஃபிரேம் 67: தரை, அத்தோடு சரி

பந்தின் நடுப்புள்ளியை வைத்துக் கீஃப்ரேம் போட்டால் தரை என்பது 0 ஆகாது, பந்தின் ஆரம். கால்பந்துக்கு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். எல்லா உயரத்தோடும் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள், அல்லது ஆரிஜினை, அதாவது பொருளின் இடத்தைக் கணக்கிடுகிற புள்ளியை, பந்தின் அடியில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் பந்து தரைக்குள் பாதி புதையும்.

இப்போது பிளெண்டரில் போட்டுப் பாருங்கள். எந்த மாற்றமும் செய்யாமல் ஓட்டினால் பந்து மேலே கிளம்பும்போதும் மெதுவாக, தரையைத் தொடும்போதும் மெதுவாக, பஞ்சுமூட்டை மேல் இறங்குகிற மாதிரி இருக்கும். பிளெண்டர் எல்லாக் கீஃப்ரேமையும் வழவழவென்று வளைத்துவிட்டதால் வந்த வினை. தரையில் அடி விழுகிறது, அதனால் அங்கே கோடு முறிய வேண்டும். உச்சியில் அடி ஏதும் இல்லை, அதனால் அங்கே வளைவு இருக்க வேண்டும்.

குறுக்குவழி ஒன்று உண்டு. உயரத்தைக் காட்டும் இசட் கர்வில் உச்சியில் இருக்கும் கீஃப்ரேம்களை எல்லாம் தேர்ந்தெடுத்து டி (T) விசையை அழுத்தி க்வாட்ராட்டிக் கொடுங்கள். அப்புறம் கன்ட்ரோலோடு இ (E) அழுத்தி ஈஸ் இன், அதாவது தொடக்கம் மெதுவாக. தரையில் இருக்கும் கீஃப்ரேம்களுக்கும் அதே க்வாட்ராட்டிக், ஆனால் ஈஸ் அவுட், அதாவது முடிவு மெதுவாக. பிளெண்டரில் ஒரு கீஃப்ரேமுக்குக் கொடுப்பது அதற்கு அடுத்து வரும் துண்டுக்குத்தான் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

ஹேண்டிலால் கையாலேயே செய்வது இன்னொரு வழி. அதற்கு நான் நம்பியிருப்பது மூன்றில் ஒரு பங்குக் கணக்கு. விழுகிற துண்டு 24 ஃபிரேம். மேல் கீஃப்ரேமின் ஹேண்டிலை 8 ஃபிரேம் தள்ளி, உயரம் மாறாமல், படுக்கையாக நீட்டுங்கள். கீழ் கீஃப்ரேமின் இடது ஹேண்டிலை 8 ஃபிரேம் முன்னால், 3.33 மீட்டர் உயரத்தில் வையுங்கள், அதாவது மொத்த வீழ்ச்சியில் மூன்றில் ஒரு பங்கு இறங்கிய இடம். இது தோராயம் இல்லை, இயற்பியல் சொல்கிற கோட்டோடு அப்படியே பொருந்தும். ஹேண்டில் முறிவதற்கு வி (V) விசை அழுத்தி ஃப்ரீ என்று மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணைத் தட்டிப் போட, என் (N) விசையில் திறக்கும் பக்கப்பட்டையில் எஃப்-கர்வ் தாவல் இருக்கிறது.

வெப்பில் இதையே, இரண்டு ஹேண்டிலின் நேரமும் மதிப்புமாக, நான்கு எண்ணில் கொடுக்கலாம்: 0.333, 0, 0.667, 0.333. பிரவுசரில் தயாராகக் கிடைக்கும் ஈஸ்-இன் என்பது 0.42, 0, 1, 1. அதில் பாதி நேரத்தில் பொருள் 31 சதவீதத்துக்கும் மேல் வந்துவிடும், புவியீர்ப்பில் 25தான். விளம்பரத்தில் பழம் விழுவதற்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பந்து துள்ளிக்கொண்டே முன்னால் போக வேண்டுமென்றால் எக்ஸ் கர்வைத் தனியாக எடுத்து லீனியர், அதாவது நேர்கோடு, கொடுங்கள். முன்னே தள்ள எதுவும் இல்லை, தடுக்கவும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இதைச் செய்ய முதலில் பொசிஷனை செபரேட் டைமென்ஷன்ஸ் என்று பிரித்தாக வேண்டும். பிரிக்காமல் எவ்வளவு நேரம் போராடினாலும் வராது.

இரண்டாம் படி: பஸ்ஸைக் கிளப்புங்கள்

செங்கோட்டை ஸ்டாண்டிலிருந்து கேரள அரசு பஸ் ஒன்று கிளம்பி, 10 நொடியில் 45 மீட்டர் ஓடி, நிற்கிறது. இரண்டு கீஃப்ரேம் போட்டு நடுவில் ஈஸ் இன் அவுட் கொடுத்தால் வேலை முடிந்ததா? முடியாது. இங்கேதான் ப்ரீசெட்கள் காலை வாரும்.

ஃப்ளாஷ் காலத்தில், 2000களின் தொடக்கத்தில், ராபர்ட் பென்னர் எழுதிவைத்த சமன்பாடுகளின் வரிசைதான் இன்று பல சாஃப்ட்வேரிலும் சைன், க்வாட், க்யூபிக், க்வார்ட், க்வின்ட் என்று ஓடுகிறது. இவற்றின் இன்-அவுட் வடிவத்தில் நட்டநடுவே வேகம் உச்சத்துக்குப் போகும். சைனில் சராசரி வேகத்தைப் போல 1.57 மடங்கு, க்வாடில் 2, க்யூபிக்கில் 3, க்வின்ட்டில் 5 மடங்கு. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9 தட்டினால் வருகிற ஈசி ஈஸ் 1.5 மடங்கு. அரை நொடியில் வந்து நிற்கிற எழுத்துக்கு இது நல்லது. 10 நொடி ஓடுகிற பஸ்ஸுக்கு க்யூபிக் கொடுத்தால் டிரைவர் 5 நொடி ஆக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்துவிட்டு அடுத்த 5 நொடி பிரேக்கை மிதித்த மாதிரி ஆகும்.

எஞ்சின் தள்ளுகிற வண்டிக்கு மூன்று துண்டு வேண்டும்: வேகம் பிடிப்பது, சீராக ஓடுவது, நிற்பது. கணக்கைப் பாருங்கள். வேகம் பிடிக்க 3 நொடி (72 ஃபிரேம்), சீராக ஓட 5 நொடி (120), நிற்க 2 நொடி (48). ஏறுகிற துண்டிலும் இறங்குகிற துண்டிலும் சராசரி வேகம் சீர்வேகத்தில் பாதி. ஆக 36 + 120 + 24 = 180 ஃபிரேம் சீர்வேகத்துக்குச் சமம். 45 மீட்டரை 180ஆல் வகுத்தால் ஃபிரேமுக்கு 0.25 மீட்டர். மணிக்கு 21.6 கிலோமீட்டர், ஸ்டாண்டை விட்டு வெளியே வருகிற பஸ்ஸுக்குப் பொருத்தம்.

கீஃப்ரேம்கள்: ஃபிரேம் 1இல் 0, ஃபிரேம் 73இல் 9 மீட்டர், ஃபிரேம் 193இல் 39, ஃபிரேம் 241இல் 45. நடுத்துண்டு நேர்கோடு. ஃபிரேம் 73க்கு இடப்பக்க ஹேண்டில் 24 ஃபிரேம் முன்னால், 3 மீட்டரில். அங்கிருந்து 9 மீட்டருக்கு ஏறுகிற சாய்வு ஃபிரேமுக்கு 0.25, நடுக்கோட்டின் சாய்வும் அதுவே. சாய்வு பொருந்தியதால் இணைப்புத் தெரியாது. பொருந்தாவிட்டால் பஸ் நடுரோட்டில் ஒரு குலுங்கு குலுங்கும்.

மலைப்பாதைக்கு இதை மாற்ற வேண்டும். புளியரை எஸ் வளைவில் லோடு லாரி ஏறுகிற காட்சி என்றால் வேகம் பிடிக்க நேரம் கூட்டுங்கள், நிற்கக் குறையுங்கள், சரிவே நிறுத்திவிடும். இறங்குகிற லாரிக்குத் தலைகீழ். வளைந்த ரோட்டில் ஓட்ட ரோட்டை ஒரு கர்வ் பொருளாக வரைந்து, அந்தக் கோட்டின் மேல் ஓடவைக்கிற ஃபாலோ பாத்தை லாரிக்குக் கொடுத்து, ஃபிக்ஸட் பொசிஷனை டிக் செய்துவிட்டு, ஆஃப்செட் ஃபேக்டரை 0இலிருந்து 1 வரை அனிமேட் செய்யுங்கள். ரோட்டின் வளைவு ஒரு கோடு, வேகத்தின் வளைவு வேறொரு கோடு. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கிராஃபில் சாய்வு குறைந்திருக்க வேண்டும், திரும்பி முடித்த பிறகுதான் கூட வேண்டும். வளைவின் நடுவில் வேகம் குறைத்தால் அந்த டிரைவருக்கு லைசென்ஸ் கொடுத்தது யார் என்று தோன்றும்.

மூன்றாம் படி: தொங்குவதை ஆட்டுங்கள்

கேரள ரோட்டில் கடை வாசலுக்கு வாசல் நேந்திரன் தார் தொங்கும். அதை ஒரு ஆள் தட்டிவிட்டுப் போகிறார், தார் ஆடி அடங்க வேண்டும். இங்கே பந்தில் படித்த கணக்கைக் கொண்டுவந்தால் கெட்டுப்போகும்.

பந்து துள்ளத் துள்ள உயரமும் குறையும், நேரமும் குறையும். தொங்குகிற பொருளுக்கு வீச்சு குறையும், நேரம் குறையாது. கொக்கியிலிருந்து தாரின் நடுப்பகுதி 1 மீட்டர் கீழே என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 1 நொடி, கடைசி ஆட்டம் வரை அந்த 1 நொடிதான். கால் மீட்டர் கயிறென்றால் அரை நொடி. தாரின் எடை கூடினாலும் இந்த நேரம் மாறாது. அடங்குகிற கட்டத்தில் கீஃப்ரேம்களை நெருக்கிப் போட்டால் தார் நடுங்குகிற மாதிரி தெரியும்.

ஆரிஜினைக் கொக்கியில் வையுங்கள். சுழற்சியில் ஃபிரேம் 1இல் 12 டிகிரி, 25இல் எதிர்ப்பக்கம் 9.6, 49இல் இந்தப் பக்கம் 7.7, 73இல் எதிர்ப்பக்கம் 6.1 என்று, ஒவ்வொன்றும் முந்தையதில் ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்துக்கொண்டே போங்கள். இன்டர்போலேஷன் சைனுசாய்டல், ஈஸ் இன் அண்ட் அவுட். இதில் கோடு எங்கேயும் முறியக் கூடாது. தார் சுவரில் இடித்தால் மட்டும் முறியலாம்.

நான்காம் படி: எழுத்தைக் கொண்டுவாருங்கள்

கடைப் பெயர் திரைக்குள் வருவதற்கு ஈஸ் அவுட். வேகமாக நுழைந்து மெல்ல அமர வேண்டும். 8 முதல் 10 ஃபிரேம் போதும். வெளியே போவதற்கு ஈஸ் இன், 6 ஃபிரேம். போகிறதை யாரும் உட்கார்ந்து ரசிப்பதில்லை. திரையிலேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்வதற்கு கூகுளின் மெட்டீரியல் டிசைன் கொடுத்த 0.4, 0, 0.2, 1 என்ற கர்வ் நன்றாக உட்காரும். கிளம்புவதைவிட நிற்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. வெப்பிலும் பிளெண்டரிலும் ஈஸ் இன் என்றால் தொடக்கம் மெதுவாக. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஈசி ஈஸ் இன் என்றால் அந்தக் கீஃப்ரேமை நெருங்கும்போது மெதுவாக, அதாவது முடிவு மெதுவாக. நேர் எதிர். இரண்டிலும் வேலை செய்கிறவர்கள் பெயரை நம்பாமல் கோட்டைப் பார்ப்பது நல்லது.

நகைக்கடை, ஜவுளிக்கடை அண்ணாச்சிகள் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "பேரு சும்மா வந்து நின்னா எப்படி தம்பி? ஒரு துள்ளு துள்ளட்டும்." அதற்கு பேக் ஈசிங் இருக்கிறது. இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வரும். பென்னரின் சமன்பாட்டில் 1.70158 என்றொரு விசித்திரமான எண் இருக்கும். அது 10 சதவீதம் தாண்டுவதற்காக வைத்தது. பலூன் கடைக்கு 10 சதவீதம் சரி. தங்கத்தில் வார்த்த மாதிரி எழுத்து செய்துவிட்டு அதை 10 சதவீதம் துள்ளவிட்டால் தெர்மகோல் ஆகிவிடும். 3, 4 சதவீதத்தில் நிறுத்துங்கள். ரப்பர் மாதிரி பலமுறை ஆடி அடங்கும் எலாஸ்டிக்கை அண்ணாச்சி கேட்டாலும் நான் கொடுப்பதில்லை.

எழுத்துகளை ஒவ்வொன்றாக, இரண்டு ஃபிரேம் இடைவெளியில் கொண்டுவருவது அழகு. ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் டெக்ஸ்ட் அனிமேட்டரைக் கேரக்டர் என்று வைத்தால் "கொ" என்ற எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பறக்கும். மலையாளத்திலும் இதே கூத்துதான். வார்த்தை வார்த்தையாகக் கொண்டுவாருங்கள், அல்லது எழுத்தை ஷேப்பாக மாற்றி ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே குழுவாகக் கட்டிவிடுங்கள்.

லீனியர் எங்கே சரி

ஈசிங் பழகியவுடன் கண்டதையெல்லாம் வளைக்கத் தோன்றும். முழு வேகத்தில் சுற்றுகிற ஃபேன், கீழே ஓடுகிற செய்தி வரி, வானத்து மேகம் இவற்றுக்கெல்லாம் லீனியர்தான். ஜூன் மாதச் சாரலை வரைகிறீர்களா? மழைத்துளி காற்றின் தடையால் ஒரு வேகத்துக்கு மேல் போகாது, நம் கண்ணில் படுகிற உயரத்துக்கு வருவதற்குள் வேகம் நிலைத்துவிடும். அதனால் துளிக்கு லீனியர். அதே மழையில் ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுகிற துளிக்கு மட்டும் பந்துக் கணக்கு.

சரிபார்ப்பது

பிளெண்டரில் பிளேபேக் மெனுவில் சிங்க் என்பதை ஃபிரேம் டிராப்பிங்காக மாற்றுங்கள். இல்லையென்றால் கனமான காட்சி மெதுவாக ஓடும், அந்தப் பொய் வேகத்தைப் பார்த்து நீங்கள் கர்வைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் மோஷன் பாத் கணக்கிடச் சொல்லுங்கள். ஃபிரேமுக்கு ஒரு புள்ளி வீதம் பாதையில் தெரியும். புள்ளிகள் நெருங்கியிருந்தால் மெதுவு, விலகியிருந்தால் வேகம். விழுகிற பந்துக்கு அந்த இடைவெளிகள் 1, 3, 5, 7 என்று விரிகிறதா என்று ஸ்கேல் வைத்தே பார்க்கலாம்.

மலையாளக் குரலுக்கு நீட்டும்போது

எல்லைப் பக்க வேலையில் கடைசியாக ஒரு தொல்லை இருக்கிறது. தமிழ் விளம்பரம் முடிந்ததும் மலையாளக் குரல் ஒன்று வரும், நீளம் பொருந்தாது. 20 நொடி விளம்பரம் 25 நொடி ஆக வேண்டும். எல்லாக் கீஃப்ரேமையும் பிடித்து ஒன்றேகால் மடங்கு இழுத்துவிடத் தோன்றும். இழுத்தால் 24 ஃபிரேமில் விழுந்த பந்து 30 ஃபிரேமில் விழும், புவியீர்ப்பு 64 சதவீதமாகக் குறைந்த மாதிரி மிதக்கும். வாழைத்தாரும் கயிறு நீண்ட மாதிரி ஆடும்.

நீட்டக்கூடிய துண்டுகளை மட்டும் நீட்டுங்கள். பந்து அடங்கிய பிறகு நிற்கிற நேரம், கடைப் பெயர் திரையில் இருக்கிற நேரம், கேமரா மெல்ல நகர்கிற ஷாட், பஸ்ஸின் சீர்வேகத் துண்டு. பஸ்ஸுக்கு 30 ஃபிரேம் கூட்டினால் அதே வேகத்தில் 7.5 மீட்டர் அதிகம் ஓடும். ஃபிரேம் 193இல் இருந்த கீஃப்ரேம் 223க்குப் போகும், மதிப்பு 39 என்பது 46.5 ஆகும், கடைசிக் கீஃப்ரேம் 271, 52.5 மீட்டர். அந்த அளவுக்கு ரோடும் பின்னணிக் கட்டடங்களும் இருக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போதெல்லாம் தமிழ் ஸ்டோரிபோர்டு போடும்போதே பின்னணியைக் கால் பங்கு கூடுதல் நீளமாகத்தான் வரைகிறேன்.